கடைக்கு ஆயுசு செவுத்துல இருக்குது

எங்க வீதி முக்குல முப்பத்திரண்டு வருஷமா இருந்த பேக்கரிய போன தை மாசம் காலி பண்ணிட்டாங்க. திருப்பூர்ல பல்லடம் ரோட்டுல இருந்து உள்ள திரும்பறப்பவே தேங்கா பன் வாசம் மூக்குல ஏறும்ங்க, அந்தக் கடைதான். மூடின அன்னைக்கே எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, ருசி கொறஞ்சு போச்சுன்னு ஒருத்தர், ஆன்லைன் டெலிவரி வந்து கெடுத்துருச்சுன்னு ஒருத்தர், இந்தக் காலத்துப் பசங்க பர்கர்தான திங்கறாங்கன்னு இன்னொருத்தர். எனக்கு இதுல ஒண்ணுகூட ஒப்பல. கடைசி நாள் வரைக்கும் காலைல எட்டரை மணிக்கு முன்னாடி அங்க நிக்க எடம் இருக்காது. கூட்டம் இருந்த கடைதான் மூடுச்சு.

இத யோசிச்சப்ப எனக்கு ஞாபகம் வந்தது நியூயார்க்ல ஒரு சாண்ட்விச் கடை. சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா இருக்குது, கொஞ்சம் பொறுமையா படிங்க.

நான் பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர் வேலைல இருக்கேன், வெளிநாட்டுல சரக்கு வாங்கற பையருங்ககிட்டப் பேசி ஆர்டர முடிச்சுக் குடுக்கற வேலை. ஒரு தடவ பையர் மீட்டிங்குக்கு நியூயார்க் போனப்ப, அவங்க ஆபீஸ்ல ஒரு பெரியவர் மத்தியானம் சாப்பிட கேட்ஸ் டெலிகடெசன்ங்கற கடைக்குக் கூட்டிட்டுப் போனார். ஹூஸ்டன் ஸ்ட்ரீட்டும் லட்லோ ஸ்ட்ரீட்டும் சேர்ற முக்கு. அந்தத் தெருப்பேர அந்த ஊர்க்காரங்க ஹவுஸ்டன்னுதான் சொல்றாங்க, நான் ஹூஸ்டன்னு சொன்னதுக்கு டாக்சிக்காரர் சிரிச்சார். கடையோட கணக்குப்படி ஆரம்பிச்சது 1888. நம்ம கோயமுத்தூர்ல ஸ்டேன்ஸ் மில்லு வந்ததும் அதே 1888தான், அதனால எனக்கு வருஷம் மறக்கல. மில்லு நூறு வருஷத்துல என்ன ஆச்சுன்னு கோயமுத்தூர்க்காரங்களுக்குத் தெரியும், கடை இன்னும் ஓடுது.

ஆரம்பிச்சவங்க ஐஸ்லேண்ட்ங்கற அண்ணன் தம்பிங்க. 1903ல வில்லி கேட்ஸ்ன்னு ஒருத்தர் கூட்டு சேர்ந்தார், 1910ல அவரோட ஒண்ணுவிட்ட சகோதரர் பென்னி வந்தார், ரெண்டு பேரும் சேர்ந்து ஐஸ்லேண்ட்காரங்க பங்க வாங்கிட்டாங்க, அப்பதான் கடை கேட்ஸ்ன்னு ஆச்சு. 1917ல ஹாரி டரோவ்ஸ்கின்னு இன்னொரு பங்குதாரர். சுரங்க ரயிலுக்குத் தோண்டறப்ப கடை தெருவுக்கு இந்தப் பக்கம் மாற வேண்டியதாச்சு, மாறியும் ஹூஸ்டன் ஸ்ட்ரீட் பக்கம் ரொம்ப நாளா வெறும் காலி எடமா கெடந்து, அதுல கறியும் ஊறுகாயும் போட்ட பீப்பாய் அடுக்கி வெச்சிருந்தாங்களாம். இப்ப நாம பாக்கற முன்பக்கம் 1946ல இருந்து 49க்குள்ள கட்டினது.

அந்தப் பகுதிக்குப் பேரு லோயர் ஈஸ்ட் சைட். இங்கதான் நம்ம ஊர்க்காரங்க காத தீட்டிக்கணும். நூத்திச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி அது தையல்காரங்க ஏரியா. ருஷ்யா, போலந்து, ருமேனியான்னு கிழக்கு ஐரோப்பாவுல இருந்து கப்பல்ல வந்த யூதக் குடும்பங்க ஒரு ரூமுக்கு ஏழெட்டுப் பேரா அடைஞ்சு கெடந்து, அந்த ரூம்லயே தைய மெஷின் போட்டு பீஸ் ரேட்டுக்கு சட்டையும் கோட்டும் தைச்ச எடம். 1911ல அந்த ஊர்லதான் ட்ரையாங்கிள் கம்பெனில தீப்புடிச்சு 146 பேர் செத்தாங்க, பெரும்பாலும் சின்ன வயசுப் பொண்ணுங்க, கதவப் பூட்டி வெச்சிருந்தாங்க. இன்னைக்கு நம்ம கம்பெனிக்கு ஆடிட்டுன்னு வந்து எமர்ஜென்சி எக்ஸிட் தொறந்திருக்கான்னு பாக்கறாங்கல்ல, அந்தக் கேள்விக்குப் பழைய வேரு அங்க இருக்குது.

வீட்டுல சமைக்க எடமில்ல, அடுப்பில்ல, நேரமில்ல, கைல கொஞ்சம் காசு இருக்குது. இப்படி ஆயிரக்கணக்குல ஆளுங்க ஒரு எடத்துல இருந்தா அங்க தீனிக்கடை முளைக்கும். கேட்ஸ்ல வெள்ளிக்கெழமையானா அந்த ஏரியாவே வந்து சாசேஜும் பீன்ஸும் சாப்பிடுமாம். நமக்கு சனிக்கெழம. திருப்பூர்ல வாரச் சம்பளம் சனிக்கெழம சாயங்காலம், அன்னைக்கு எந்த பேக்கரிலயும் கண்ணாடி அலமாரி எட்டு மணிக்குள்ள காலி.

நம்ம பக்கம் பேக்கரி வந்த கதையும் வேலைக்காரங்க வயித்த நம்பி வந்ததுதான். கேரளாவுல தலச்சேரில மம்பள்ளி பாபு 1880ல பிஸ்கட் கம்பெனி போட்டார், அந்தக் கைவேலை தெரிஞ்ச மாஸ்டருங்க வழி வழியா பாலக்காட்டுக் கணவாயத் தாண்டி இக்கட்ட வந்தாங்க. அக்கட்ட பெங்களூர்ல இருந்து ஐயங்கார் பேக்கரி ஸ்டைல். 1965ல மத்திய அரசே மாடர்ன் பேக்கரீஸ்ன்னு ஆரம்பிச்சு மெஷின் பிரட்ட வீட்டுக்குள்ள கொண்டாந்துச்சு, அரிசிக்குப் பஞ்சமா இருந்த காலம் அது, அப்புறம் 2000ல அத இந்துஸ்தான் லீவருக்கு வித்துட்டாங்க. இதெல்லாம் மேலோட்டம். உண்மையா பேக்கரிய நம்மூர்ல தூக்கி நிறுத்தினது ஷிப்டுதான். எழுபதுகளோட கடைசில பனியன் ஏற்றுமதி ஆரம்பிச்சு, எண்பது தொண்ணூறுல வீதிக்கு வீதி கம்பெனி வந்து, தேனி, மதுரை, திண்டுக்கல்லுன்னு எல்லா ஊர்லருந்தும் ஆளுங்க வந்து எறங்கினாங்க. காலைல எட்டரைல இருந்து ராத்திரி எட்டரை வரைக்கும் ஒன்றரை ஷிப்ட் நிக்கற பவர் டேபிள் (கரண்ட் தைய மெஷின்) டெய்லருக்கு பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீயும் ஒரு பன்னும் வேணும். அத பேக்கரிப் பையன் டீ கேனத் தூக்கிட்டு கம்பெனிக்குள்ளயே கொண்டு போவான். பத்து நிமிஷத்துல முடிஞ்சாகணும், சூப்பர்வைசர் கடிகாரத்தப் பாத்துட்டே நிப்பார்.

சரி, கேட்ஸ்குள்ள போவோம். வாசல்லயே ஒருத்தர் நின்னு ஆளுக்கு ஒரு டிக்கெட் குடுக்கறார். நீங்க எந்தக் கவுண்டர்ல எது வாங்கினாலும் அந்த டிக்கெட்டுல எழுதிக் குடுப்பாங்க, வெளிய போறப்ப கல்லால டிக்கெட்டக் குடுத்து மொத்தமா காசு கட்டணும். ஒண்ணுமே சாப்பிடலனாலும் வெறும் டிக்கெட்டத் திருப்பிக் குடுத்தாத்தான் வுடுவாங்க. தொலைச்சா 50 டாலர் அபராதம். எதுக்குன்னா ஒரு டிக்கெட்டுல பெருசா தின்னு போட்டு அத பாக்கெட்டுல ஒளிச்சு வெச்சுட்டு, காபி மட்டும் எழுதின இன்னொரு டிக்கெட்டக் காட்டிட்டுப் போறவங்கள தடுக்கத்தான். எனக்கு அத கைல வாங்கினதும் சிரிப்பு வந்துருச்சு, நம்ம கம்பெனில பண்டலுக்கு டோக்கன் கட்டி வுடுவோமே, யாரு எத்தன பீஸ் தைச்சாங்கன்னு கணக்குக்கு, அச்சு அசல் அது.

எங்க பேக்கரில இருந்தது பற்று நோட்டு. நீளமான கோடு போட்ட நோட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு ஆளு, பேர் தெரியலனா கடைக்கார அண்ணன் 'ஓவர்லாக் நெட்டை', 'செக்கிங் அக்கா 2'ன்னு எழுதியிருப்பார். சனிக்கெழம காசு குடுத்ததும் குறுக்கால ஒரு கோடு. பையன் வந்து "அண்ணா, நாலு டீ நாலு பன்னு எழுதிக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருவான், அவர் தலையக்கூட நிமிர்த்த மாட்டார், "சரி கண்ணு"ன்னு எழுதுவார். சொல்லாம போனாலும் எழுதுவார். அங்க டிக்கெட்டு, இங்க நோட்டு. ஆளு மாறி மாறி வந்து போற ஊர்ல எந்தக் கடையும் ஏதாவது ஒரு கணக்குப் புடிச்சாகணும், இல்லனா ஆறு மாசத்துல கவுந்துரும்.

கேட்ஸ்ல எல்லாரும் திங்கறது பாஸ்ட்ராமி சாண்ட்விச். மாட்டோட வயித்துப் பக்கக் கறிய உப்புலயும் மசாலாவுலயும் ஊறப் போட்டு, மேல மிளகு கொத்தமல்லி விதையெல்லாம் அப்பி, புகைல ரெண்டு மூணு நாள் வாட்டி, அப்புறம் வேக வெச்சு, கடைசில ஆவில வெச்சு, கேக்கறப்ப கையால அறுத்துக் குடுக்கறது. இதுல விஷயம் அந்த ஊறப்போடற காலத்துல இருக்குது. பெரிய ஃபேக்டரிங்க ஊசி மாதிரி வெச்சு உப்புத் தண்ணிய கறிக்குள்ள அடிச்சு ஒண்ணரை நாள்ல முடிச்சுருவாங்க, கேட்ஸ்ல முப்பது நாள் வரைக்கும் ஊறப் போடறோம்னு சொல்றாங்க. முப்பது நாள் ஊறணும்னா முப்பது நாளைக்கான சரக்கு எப்பவும் கைல கெடக்கணும், அதுக்குக் குளிர் ரூம் வேணும், எடம் வேணும், அதுல முடங்கின காசு வேணும். வாடகைக்கு இருக்கறவன் ஒரு சதுர அடிக்குக் கணக்குப் பாத்தா முதல்ல வெட்டறது இந்த மாதிரி சும்மா கெடக்கற எடத்தத்தான்.

எனக்கு மாட்டுக்கறி பழக்கமில்ல. அதனால உருளைக்கெழங்கத் துருவி எண்ணெய்ல சுட்டு லாட்கேன்னு ஒண்ணு தர்றாங்க, அதச் சாப்ட்டேன், நம்ம அடைக்கும் போண்டாவுக்கும் நடுவுல இருக்கும், கூட ஆப்பிள் சாஸ். மோசமில்ல, ஆனா ஒரு தேங்கா சட்னி இருந்திருந்தா எங்கயோ போயிருக்கும். கூட வந்த பெரியவர் ரை பிரட்டுல கடுகு சாஸ் தடவி, பிரட்ட விட மூணு மடங்கு கனத்துக்கு கறி வெச்ச சாண்ட்விச்ச ரெண்டு கையால புடிச்சுச் சாப்ட்டார். வெட்டறவங்களுக்கு அங்க கட்டர்ன்னு பேரு, வெட்டறப்ப ஒரு துண்ட தட்டுல போட்டு ருசி பாக்கக் குடுப்பாங்க, நீங்க டிப்ஸ் டப்பாவுல ஒரு நோட்டப் போடணும். எங்கூர்ல கட்டிங் மாஸ்டருக்கு ஒரு தனி மரியாதை உண்டு, அவர் கைல கத்தி இருந்தா முதலாளியே கொஞ்சம் தள்ளி நின்னுதான் பேசுவார். அங்கயும் அப்படித்தான் இருந்துச்சு.

செவுரு பூரா போட்டோ. ரெண்டாம் உலகப் போர் காலத்துல முதலாளிங்க வீட்டுப் பசங்க பட்டாளத்துல இருந்தப்ப வெச்ச வாசகம் இன்னும் தொங்குது, ஆர்மில இருக்கற உங்க பையனுக்கு ஒரு சலாமி அனுப்புங்கன்னு. அந்த ஊர் உச்சரிப்புல சலாமியும் ஆர்மியும் எதுகையாம். 1988ல, சரியா நூறாவது வருஷம், பழைய குடும்பங்க கடைய டெல்ங்கற குடும்பத்துக்கு வித்துட்டாங்க. அடுத்த வருஷமே ஒரு ஹாலிவுட் படத்துல அந்தக் கடைல எடுத்த ஒரு சீன் உலகம் பூரா பிரபலமாச்சு, அந்த டேபிளுக்கு மேல இப்பவும் ஒரு போர்டு தொங்குது. அதிர்ஷ்டம்னா அது. ஆனா அதிர்ஷ்டம் மட்டும் இருந்தா பத்தாது, ஏன்னா அதே ஊர்ல அதே அளவு பேரு வாங்கின கடைங்க போயிருச்சு.

1930கள்ல நியூயார்க்ல இந்த மாதிரி யூத டெலிக்கடைங்க (டெலிகடெசன்ங்கறதத்தான் சுருக்கி டெலிம்பாங்க) ஆயிரத்தைந்நூறுக்கு மேல இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. இப்ப விரல் வுட்டு எண்ணலாம். தையல் வேலை அந்த ஏரியாவ வுட்டுப் போச்சு, தைச்சவங்க புள்ளைங்க படிச்சு வெளிய குடி போனாங்க, அது பொதுவான காரணம். ஆனா கடைசி வரைக்கும் நின்ன கடைங்க எப்படிப் போச்சுன்னு பாருங்க.

செகண்ட் அவென்யூ டெலின்னு ஒரு கடை, 1954ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவர 1996ல பேங்க்ல காசு கட்டப் போறப்ப சுட்டுக் கொன்னுட்டாங்க. அந்த இடியவே தாங்கி அவர் தம்பி கடைய நடத்தினார். ஆனா 2006 ஜனவரில மூடுச்சு, காரணம் வாடகை. மாசம் 24,000 டாலரா இருந்தத 33,000 ஆக்கணும்னு கட்டிடக்காரங்க கேட்டாங்க, தகராறாயிருச்சு. அந்த எடத்துல அப்புறம் வந்தது ஒரு பேங்க் கிளை. கொலைய சமாளிச்ச கடை வாடகைய சமாளிக்க முடியல. 2007 கடைசில அடுத்த தலைமுறை வேற தெருவுல திரும்ப ஆரம்பிச்சாங்க, பேரு மட்டும் செகண்ட் அவென்யூ, இருக்கறது 33வது ஸ்ட்ரீட்டு.

அப்ப சொந்தக் கட்டிடம் இருந்தா போதுமான்னா அதுவும் இல்ல. கார்னகி டெலி, 1937ல இருந்து இருந்த கடை, டூரிஸ்ட் கூட்டம் வாசல்ல வரிசை கட்டி நிக்கும், கட்டிடமும் சொந்தம். 2016 டிசம்பர் 31ஓட மூடிட்டாங்க. நடத்தின அம்மா, விடியக்கால எந்திரிச்சு ராத்திரி தூங்காம இத்தன வருஷம் ஓடியாச்சு, போதும்னுட்டாங்க. அதுல தப்பு சொல்ல என்ன இருக்குது. கல்லால உக்கார அடுத்த ஆளுக்கு மனசு வரலனா கட்டிடம் இருந்து என்ன பண்றது.

கேட்ஸ்க்கு ரெண்டும் அமைஞ்சுது. எடம் சொந்தம், டெல் குடும்பத்துல அடுத்த தலைமுறைப் பையன் ஜேக், 2009ல கடைக்கு வந்து சேர்ந்துட்டார். அதுக்கும் மேல அவங்க செஞ்ச ஒரு காரியம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது, வானத்த வித்தாங்க. நெசமாத்தான். நம்மூர்ல எஃப்எஸ்ஐன்னு சொல்றோமே, 2019 விதிப்படி சாதாரணக் கட்டிடம்னா மனை அளவுக்கு ரெண்டு மடங்கு கட்டலாம்னு, அது மாதிரி அங்கயும் ஒரு கணக்கு இருக்குது. நீங்க முழுசும் கட்டாம தாழ்வா வுட்டு வெச்சிருந்தா, கட்டாத அந்த மாடி உரிமைய ஒட்டின மனைக்காரருக்கு விக்கலாம். அவர் அவரோட கட்டிடத்த அவ்வளவு உசத்திக்கலாம். கேட்ஸ் தாழ்ந்த கட்டிடம், பக்கத்துல அபார்ட்மென்ட் கட்ட வந்தவங்களுக்கு மேல இருந்த வெத்து வானத்த 1.7 கோடி டாலருக்கு வித்ததா பத்திரிகைல வந்துச்சு. கடை அப்படியே கீழ நிக்குது. இனி அத இடிச்சு உசரமா கட்டற ஆசையும் யாருக்கும் வராது, ஏன்னா கட்டற உரிமையே வித்தாச்சு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, காசும் வந்துச்சு கடைக்குக் காவலும் ஆச்சு.

இப்ப நம்ம வீதி முக்குக்கு வருவோம். அண்ணன் கடை வாடகைக் கடை. ஆரம்பிச்ச காலத்துல 1960 வருஷத்து வாடகைச் சட்டம் இருந்துச்சு, அதுல கட்டிட ஓனர் நெனச்சதும் காலி பண்ணச் சொல்ல முடியாது. வேணும்னே வாடகை பாக்கி வெச்சிருக்கணும், இல்ல ஓனருக்கே எடம் வேணும், இல்ல இடிச்சுக் கட்டணும், இப்படி சட்டத்துல சொன்ன காரணம் ஏதாவது காட்டணும். வாடகை ஏத்தணும்னாலும் நியாய வாடகைன்னு கோர்ட்டுக்குப் போகணும், அது ஆடி அசைஞ்சு வர பல வருஷம் ஆகும். அந்தச் சட்டத்த வெச்சு குடியிருந்தவங்க அடிச்ச கூத்தும் கொஞ்ச நஞ்சமில்ல, மெயின் ரோட்டுல பெரிய கடைய வெச்சுட்டு டீக்காசு மாதிரி வாடகை குடுத்தவங்கள நானே பாத்திருக்கேன். 2017ல புதுச் சட்டம் போட்டு 2019 பிப்ரவரி 22ல இருந்து அமல். எழுத்துல ஒப்பந்தம் போடணும், வாடகை ஆணையத்துல பதியணும், ஒப்பந்தத்துல எழுதினதுதான் வாடகை, வாடகைல ரெண்டு பேருக்கும் ஒத்து வரலனா அதுவே காலி பண்ணச் சொல்ல ஒரு காரணம். ஓனர் பக்கம் பாத்தா நியாயம்தான். ஆனா முப்பது நாப்பது வருஷக் கடை எத்தனையோ அந்தப் பழைய சட்டத்தோட நெழல்ல நின்னதுன்னு யாரும் பேசறதில்ல, ருசிய மட்டும் பேசறோம்.

அண்ணனோட ஒப்பந்தம் முடிஞ்சுது. பெரிய ஓனர் தவறிட்டார், அவர் பசங்க ரெண்டு பேரும் பாகம் பிரிச்சு, வாடகைய ரெண்டரை மடங்கு கேட்டாங்க. பன்னு பத்து ரூபா டீ பதினஞ்சு ரூபா விக்கற கடை, விலைய மூணு ரூபா ஏத்தினா கம்பெனி கேன்டீன்லயே டீ போட்டுக்குவாங்க. அவருக்குத் தெரியும். பையன் கனடாவுல படிக்கறான், பொண்ணு சென்னைல ஐடி. "யாருக்காகங் கண்ணு நானு இன்னும் அஞ்சு வருஷத்துக்கு எழுதிக் குடுக்கறது"ன்னு கேட்டார். நான் என்னத்தச் சொல்றது. செகண்ட் அவென்யூவும் கார்னகியும் ரெண்டும் ஒண்ணா சேர்ந்து அவர் தலைல விழுந்த மாதிரி ஆச்சு.

வேற எடத்துக்கு மாத்தலாம்லன்னு கேப்பீங்க, நானும் கேட்டேன். பின்னாடி இருக்கற விறகு அடுப்ப, மலையாளி மாஸ்டருங்க போர்மான்னு சொல்லுவாங்க, அத மாத்த முடியாது. செங்கல்லு, சுண்ணாம்பு, மண்ணு வெச்சு உள்ள குகை மாதிரி கட்டினது, செவுத்தோட செவுரா சேர்ந்திருக்கும். காலைல விறகு போட்டு எரிச்சு, கரிய வாரி வெளிய எடுத்துட்டு, கல்லு வாங்கின சூட்டுலயே முதல்ல பன்னு, சூடு எறங்கினதும் கேக், கடைசி சூட்டுல ரஸ்க். அந்த எறங்கற சூட்டக் கைய உள்ள நீட்டிப் பாத்தே சொல்லுவார் மாஸ்டர். கரண்ட் ஓவன்ல எல்லாம் வரும், அந்த ரஸ்க் வராது.

இப்ப அங்க செல்போன் கவரு, ஹெட்போன் விக்கற கடை. அடுப்ப இடிக்கப் போனாங்களாம், இடிச்சா மேல்மாடி செவுரு எறங்கிரும்னு மேஸ்திரி சொல்லிட்டாராம். அதனால முன்னாடி ஜிப்சம் போர்டு அடிச்சு மறைச்சு, அதுல கலர் கலரா கவர் மாட்டி வெச்சிருக்காங்க. கடைப் பையன் புதுசு, பீகார்ல இருந்து வந்தவன், பின்னாடி என்ன இருக்குதுன்னு அவனுக்குத் தெரியாது. நாலு மணிக்கு டீ குடிக்க வெளிய வந்து எங்க கடை இருக்குன்னு என்னையத்தான் கேட்டான்.